குச்சிக்கிழங்கு விவசாயியின் கணக்கு: ஜவ்வரிசியின் விலை யார் கையில்?

நோன்புப் பெருநாள் காலையில் சேமியாவோடு ஒரு கைப்பிடி ஜவ்வரிசியும் போட்டுப் பாயசம் காய்ச்சுவது நம்மில் பல வீடுகளில் வழக்கம். அந்த ஜவ்வரிசி எந்தச் செடியிலும் மணியாகக் காய்ப்பதில்லை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலெடுத்து, மாவைக் குலுக்கி மணியாக்கி, சூட்டில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் வருவது அது. நாட்டில் விற்கும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆலைகளிலிருந்தே போகிறது. அங்கே மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள்.

ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு ஏறக்குறைய நான்கு முதல் ஐந்து கிலோ கிழங்கு வேண்டும். கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் அந்த ஐந்து கிலோவை விளைவித்தவருக்கு எவ்வளவு போகிறது? ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம், ஆத்தூர், தலைவாசல் பக்கத்து விவசாயிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர்கள் ஜவ்வரிசியைப் பற்றிப் பேசுவதில்லை. 'பாயிண்ட்' பற்றித்தான் பேசுவார்கள்.

பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு. ஆலைக்கு வரும் கிழங்கில் மாதிரி எடுத்து, தண்ணீரில் அமிழ்த்தி எடைபோட்டு, அதில் மாவு எவ்வளவு தேறும் என்று கணக்கிடுகிறார்கள். மாவு கூடுதலாக இருந்தால் பாயிண்ட் கூடும். விலை பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசப்படும். விளக்கத்துக்காக ஒரு பாயிண்டுக்கு டன்னுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது இன்றைய சந்தை விலை அன்று. 28 பாயிண்ட் கிழங்குக்கு டன்னுக்கு 8,400 ரூபாய். அதே கிழங்கு 24 பாயிண்ட் என்று குறிக்கப்பட்டால் 7,200 ரூபாய். ஒரு ஏக்கரில் 12 டன் எடுத்தவருக்கு இந்த நான்கு பாயிண்டில் மட்டும் 14,400 ரூபாய் வித்தியாசம். அளவு எடுப்பதும் வாங்குபவர், விலை சொல்வதும் வாங்குபவர் என்னும்போது விவசாயிகளின் மனக்குறை எங்கிருந்து வருகிறது என்று நமக்குப் புரியும். மண்ணுக்கும் வேருக்குமாக எடையில் கழிக்கும் கழிவு தனி.

இப்போது செலவுப் பக்கம். பயிர்க்காலம் ஒன்பது, பத்து மாதம். உழவு, தொழு உரம், கரணை வெட்டி நடவு, மூன்று நான்கு முறை களையெடுப்பு, அடியுரம், மேலுரம், மருந்து, கடைசியில் கிழங்கு பிடுங்கி வண்டி ஏற்றும் கூலி. எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 70,000 ரூபாய் கைப்பணம் போகிறது என்று கொள்வோம். கிழங்கு டன் 10,000 ரூபாய்க்குப் போனால் 12 டன்னுக்கு 1,20,000; பத்து மாதத்துக்கு மிச்சம் 50,000. டன் 6,000 என்றால் வரவு 72,000. மிச்சம் 2,000 ரூபாய். குடும்பத்தில் இருவர் பத்து மாதம் காட்டில் கிடந்ததற்கு மாதம் 200 ரூபாய்.

இந்த இடத்தில் பல விவசாயிகள் ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்வார்கள்: தங்கள் உழைப்பைச் செலவில் எழுதினால் கணக்கு நிற்காது, அதனால் எழுதுவதில்லை. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் செலவை மூன்று விதமாகப் பார்க்கிறது. கையிலிருந்து கொடுத்த பணம் மட்டும் 'ஏ2'. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பும் சேர்ந்தால் 'ஏ2+எஃப்எல்'. சொந்த நிலத்தின் வாடகை, போட்ட முதலுக்கான வட்டி ஆகியவற்றையும் சேர்த்தது 'சி2'. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இல் கேட்டது, செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் கூட்டிய ஆதரவு விலை. அந்தச் செலவு சி2 ஆக இருக்க வேண்டும் என்பது விவசாயிகள் இன்றுவரை கேட்பது. ஆனால் குச்சிக்கிழங்கு விவசாயிக்கு இந்தச் சண்டையே தூரத்துச் சண்டை. குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் 22 பயிர்களில் மரவள்ளி இல்லை. அவருக்கு இருப்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள், ஆலை அதிபர்கள், அதிகாரிகள் கூடும் முத்தரப்புக் கூட்டம். அங்கே ஒரு விலை பேசி முடிவானாலும் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் கிடையாது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியமும் உண்டு. இவை இல்லாவிட்டால் இந்த வறண்ட சமவெளியில் பாசன மரவள்ளியே இருக்காது. ஆனால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் செலவு விவசாயியின் தலையில்தான். பல நூறு அடி இறக்கியும் புகை மட்டுமே வந்தால் அந்தக் கடனை எந்தப் பயிரின் கணக்கில் எழுதுவது?

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? ஒரு காரணம் எல்லாப் பயிருக்கும் பொதுவானது. இந்த ஆண்டு விலை நன்றாக இருந்தால் பக்கத்துக் காட்டுக்காரரும் கரணை நடுவார். பத்து மாதம் கழித்து எல்லாக் கிழங்கும் ஒன்றாக ஆலை வாசலுக்கு வரும். விலை சரியும்; அடுத்த ஆண்டு பாதிப் பேர் மக்காச்சோளத்துக்கு மாறுவார்கள்; மறுபடி ஏறும். இன்னொரு காரணம் குச்சிக்கிழங்குக்கே உரியது, நம் பார்வையில் அதுவே பெரியது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. உள்ளே நீலக்கோடு ஓடி, கருத்து, மாவு கெட்டுவிடும். பிடுங்காமல் மண்ணிலேயே விட்டு வைக்கலாம்தான். ஆனால் மழை பெய்தால் அழுகும், பாயிண்ட் இறங்கும், அடுத்த பயிருக்கு நிலம் கிடைக்காது. அதுவே ஜவ்வரிசி ஆகிவிட்டால் மாதக்கணக்கில் மூட்டையில் இருக்கும். ஆக, வாசலில் வண்டியோடு நிற்பவர் அன்றே விற்றாக வேண்டியவர். வாங்குபவருக்கு அந்த அவசரம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், ஒரு காலத்தில் ஆலைக்காரர்களும் இதே நிலையில்தான் இருந்தார்கள். சேலத்தில் இந்தத் தொழில் பிறந்தது போர்க்காலத்தில். அதற்கு முன் ஜவ்வரிசி மலேயாப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது சேகோ பனையின் மாவு. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது. கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார் அங்கே மரவள்ளி மாவைப் பார்த்தார். பினாங்கிலிருந்து வந்து ஜவ்வரிசி செய்யும் முறை அறிந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து, 1943 வாக்கில் எளிய கைக்கருவிகளோடு தயாரிப்பைத் தொடங்கினார். பிறகு ஆலைகள் பெருகின. சரக்கு வைக்கக் கிடங்கு இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை. வியாபாரிகளும் தரகர்களும் சொன்ன விலைக்கு ஆலைக்காரர்கள் விற்றார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழி 1981இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். சேகோசர்வ் என்று எல்லோரும் அழைக்கும் அந்த நிறுவனம், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து ஓமலூர் சாலைப் பக்கம் சில கிலோமீட்டர் போனால் ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கிறது. உறுப்பினர் ஆலைகள் சரக்கைக் கொண்டுவந்து கிடங்கில் வைக்கலாம். தரம் சோதிக்கப்படும். வெளி மாநில வியாபாரிகள் டெண்டரில் விலை கேட்பார்கள். கேட்ட விலை பிடிக்காவிட்டால் ஆலைக்காரர் காத்திருக்கலாம். வைத்த சரக்கின் மீது முன்பணம் வாங்கிச் செலவை ஓட்டலாம். இது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அதன் உறுப்பினர்கள் உற்பத்தியாளர்கள், அதாவது ஆலைகள் என்பதை. கிழங்கு விவசாயிக்கு இதற்கு ஈடான ஒன்று இல்லை.

அவருக்கு முன்பணம் கிடைக்கும் இடம் வேறு. நடவுக்கும் உரத்துக்கும் பணம் தேவைப்படும்போது தரகரிடம் கை நீட்டுகிறார். வாங்கியவர் கிழங்கை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. விலை மட்டும் பிடுங்கும் நாளில்தான் தெரியும். முன்பணம் கொடுத்து விளைச்சலை வாங்குவது நம் மார்க்கத்திலும் அனுமதிக்கப்பட்டதுதான். 'ஸலம்' என்று ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசுவது இதையே. மதீனா மக்கள் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பேரீச்சம் பழத்துக்குப் பணம் கொடுத்து வந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அளவும் எடையும் தவணையும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று நெறிப்படுத்தியதை புகாரியில் காணலாம். ஸலமில் விலையும் ஒப்பந்தத்தின்போதே முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். தரகரின் முன்பணத்தில் இவற்றில் எது தெரிந்ததாக இருக்கிறது? விலை தெரியாது. அளவெடுக்கும் பாயிண்ட் எதிராளியின் கையில். விவசாயக் குடும்பங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள நம் வியாபாரிகள் இதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

இவ்வளவுக்கும் நடுவே பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் விடவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துத்தான் அடக்கினார்கள். பத்தாண்டு கழித்து, 2020இல், மரவள்ளிக்கே உரிய இன்னொரு மாவுப்பூச்சி கேரளத்தில் கண்டறியப்பட்டு சேலம், நாமக்கல் காடுகளுக்குப் பரவியது. நுனி சுருண்டு, செடி குட்டையாகி நின்றுவிடும். இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் உணவையே ஆட்டியது. பராகுவேயில் அதன் இயற்கை எதிரியான மிகச் சிறிய குளவியைத் தேடிக் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவியை இந்திய வேளாண் விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூருவில் பெருக்கி, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். குளவிக்கு விவசாயி காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவசரப்பட்டு மருந்தடித்தால் பூச்சியோடு குளவியும் சாகும். கடன் வாங்கி நட்டவரைப் பொறுத்திரு என்று சொல்வது எளிதல்ல.

பூச்சி தாக்கிய ஆண்டில் வரத்து குறைந்து விலை ஏறும். ஏறிய விலை, கிழங்கு தப்பியவருக்கு.

ஜவ்வரிசி வாங்கும் நமக்கும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு இருக்கிறது. ஜவ்வரிசியின் பெரிய சந்தை மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம். அங்கே இந்துக்கள் விரத நாளில் சாபுதானா கிச்சடி சாப்பிடுகிறார்கள் (நாம் நோன்பு திறந்தபின் சாப்பிடுவதை அவர்கள் விரதத்தின்போதே சாப்பிடுகிறார்கள்). பளிச்சென்ற வெள்ளைதான் தரம் என்று அங்கும் இங்கும் ஒரு நம்பிக்கை. இயல்பான கிழங்கு மாவு அவ்வளவு வெளுப்பாக இருக்காது. அந்த வெளுப்புக்காகச் சில ஆலைகள் ரசாயனம் சேர்த்து, உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பிடிபட்டதும் உண்டு. மக்காச்சோள மாவைக் கலப்பது இன்னொரு புகார். அது உடலுக்குக் கெடுதல் என்பது விவசாயியின் வாதமல்ல. கலக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் அத்தனை மூட்டைக் கிழங்கு வாசலிலேயே நிற்கிறது என்பதுதான். காய்ந்த மக்காச்சோளம் மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். அதோடு மூன்று நாள் கிழங்கு போட்டி போட வேண்டியிருக்கிறது.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். மரவள்ளியில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு அதனால் இறுகினால் விவசாயிக்கும் கொஞ்சம் பயன் உண்டு. வெறும் முத்திரையாக நின்றால் பாயிண்ட் விலையில் ஒரு ரூபாயும் ஏறாது.

விவசாயிகள் செய்யக்கூடியதாகச் சொல்லப்படும் வழிகள் சில இருக்கின்றன. எல்லோரும் ஒரே மாதத்தில் நடாமல் பிரித்து நடுவது, சாப்பாட்டுக்கும் சிப்ஸுக்கும் போகும் ரகங்களைக் கொஞ்சம் போட்டு வைப்பது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து பேரம் பேசுவது, கிழங்கை வெட்டிக் காயவைத்து விற்பது. ஒவ்வொன்றும் ஓரளவு உதவும். நமக்கு இவற்றைவிட அவசரமாகத் தோன்றுவது, செலவே அதிகம் இல்லாத ஒன்று: பாயிண்ட் பார்க்கும் கருவி ஆலைக்கு வெளியே பொதுவான இடத்திலும் இருக்க வேண்டும், விவசாயி தன் கண்ணால் பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியை ஆலைக்கு விட வேண்டும். பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கும் மாவட்டத்தில் இது பெரிய கோரிக்கை இல்லை.

கிழங்கு போன பிறகு குச்சிகள் மிஞ்சும். அவற்றைக் கட்டுக்கட்டாக மரத்தடி நிழலில் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த நடவுக்குக் கரணை அதிலிருந்துதான். அதிக நாள் வைத்தால் காய்ந்துபோகும். பல நேரங்களில் ஆலையிலிருந்து முழுப்பணமும் வந்து சேர்வதற்கு முன்பே, மறுபடி நடுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.