ஒரு ரூபாய் நிலமும் 200 படுக்கைகளும்

அரசும் தனியாரும் கூட்டாகக் கட்டிய தில்லி மருத்துவமனையில் ஏழையின் பங்கு எவ்வளவு? 28 ஆண்டுகளாகத் தொடர்ந்த வழக்கு சொல்லும் பாடம்.

தெற்கு தில்லியில் மதுரா சாலையை ஒட்டி 15 ஏக்கர் நிலம். குத்தகைத் தொகை பெயருக்கு ஒரு ரூபாய். அதில்தான் நிற்கிறது இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனை. வெளிநாட்டினரும் தேடி வந்து பணம் கட்டிச் சிகிச்சை பெறும் இடம். ஆனால் ஒப்பந்தப்படி இங்குள்ள படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கட்டணமே வாங்கக் கூடாது.

ஒப்பந்தம் 1988-ல் உருவானது. சென்னையில் 1983-ல் முதல் மருத்துவமனையைத் திறந்த பிரதாப் ரெட்டியின் அப்போலோ குழுமமும் தில்லி நிர்வாகமும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கின. அரசுக்கு 26 சதவீதப் பங்கு. நிலம் அரசுடையது; நடத்தும் பொறுப்பு அப்போலோவுடையது. கைம்மாறாக, 600 படுக்கைகளில் 200-ம், புறநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கான சிகிச்சையும் இலவசம். காகிதத்தில் எல்லோருக்கும் லாபம்.

1996-ல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டே அகில இந்திய வழக்கறிஞர் சங்கம் தில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. தகராறு ‘இலவசம்’ என்ற ஒரே சொல்லில். படுக்கை, டாக்டர் கட்டணம் போன்றவை இலவசம். மருந்துக்கும், சிகிச்சையில் செலவாகும் பொருட்களுக்கும் நோயாளிதான் பணம் தர வேண்டும் என்றது மருத்துவமனை. அறுவை சிகிச்சைக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு மருந்துச் செலவு ஒன்றே போதும், வாசலோடு திரும்பிப் போக.

2009 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மருந்தும் உபகரணங்களும் சேர்ந்ததுதான் இலவசம் என்ற உயர் நீதிமன்றம், அரசு மருத்துவமனைகள் அனுப்பும் ஏழைகளை ஏற்கும்படி உத்தரவிட்டு, 2 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. மருத்துவமனை உச்ச நீதிமன்றம் சென்றது.

அரசு ஏன் தானாகவே கறாராக இருக்கவில்லை? இந்தக் கூட்டின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான். பங்குதாரர் என்ற முறையில் மருத்துவமனை லாபம் ஈட்டினால் அரசுக்கும் வருமானம். ஏழைகளின் காவலன் என்ற முறையிலோ அந்த லாபத்தைக் குறைக்கும் நிபந்தனையை அமல்படுத்த வேண்டும். ஒரே கை வாங்கவும் வேண்டும், ஓங்கவும் வேண்டும்.

பங்கே இல்லாத இடங்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தில்லியில் சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளையும் 25 சதவீதப் புறநோயாளிச் சிகிச்சையையும் ஏழைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என 2007-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதை எதிர்த்து வந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தின் முடிவு கிடைக்க 2018 ஆகிவிட்டது.

அப்போலோ வழக்கு 2025 மார்ச்சில் மீண்டும் சூடுபிடித்தது. ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தராவிட்டால் மருத்துவமனையை எய்ம்ஸிடம் ஒப்படைப்போம் என்று எச்சரித்தது உச்ச நீதிமன்றம். ஐந்தாண்டுப் பதிவேடுகளைச் சோதிக்கவும் ஆணையிட்டது. அரசுக்கும் 26 சதவீதப் பங்கு உண்டு என்று மருத்துவமனை தரப்பு வாதிட்டபோது, ஏழைகளைக் கவனிப்பதை விட்டு அரசு லாபம் பார்த்திருந்தால் அது துரதிர்ஷ்டம் என்றார்கள் நீதிபதிகள். 30 ஆண்டுக் குத்தகை 2023-லேயே முடிந்திருந்தது.

இது தில்லியோடு போகும் கதையல்ல. மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைக்க 2020-ல் நிதி ஆயோக் முன்வைத்த திட்டத்தில் ஒப்பந்தக் காலம் 60 ஆண்டு. அதிலும் படுக்கைகள் இரண்டு வகை: கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, சந்தை விலைக்கானவை. எது இலவசம், யார் எண்ணிப் பார்ப்பது, மீறினால் என்ன தண்டனை என்பதையெல்லாம் கையெழுத்திடும் நாளிலேயே எழுதியாக வேண்டும். விட்டுவிட்டால் வழக்காடித்தான் பெற வேண்டும். நோய் அதுவரை காத்திருக்காது.