பாஷை பல, தாளம் ஒன்று!

மாலையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு ஆவடிக்குப் போய்ப் பாருங்கள். சீருடை அணிந்து கும்பல் கும்பலாக வரும் குழந்தைகளின் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். தமிழ் கேட்கும், கூடவே மலையாளம், தெலுங்கு, ஹிந்தி, பஞ்சாபி, வங்காளி எல்லாம் கேட்கும்!

1955-ல் காங்கிரஸ் மகாநாடு கூடிய ஊர் இது என்று பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் ஆவடியை ஒரு குட்டிப் பாரதமாக ஆக்கியவை, 1961-ல் ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும், விமானப் படை நிலையமுந்தான். பக்கத்து அம்பத்தூரிலோ, தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன.

இம்மாதிரி ஊர்களில் பள்ளி ஆண்டு விழா என்றால் கேட்க வேண்டுமா? பஞ்சாபிப் பிள்ளைகள் பாங்ரா ஆடுவார்கள். மலையாளப் பெண்கள் திருவாதிரைக் களி ஆடுவார்கள். நம் குழந்தைகள் கும்மியும் கோலாட்டமும். தன் குழந்தை ஆடும்போது அம்மா முன் வரிசைக்கு ஓடி வந்து போட்டோ எடுப்பாள். அது முடிந்ததும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவாள். அடுத்து வரும் குழந்தை யாரோ, எவரோ!

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. இருந்தாலும், ஒருவருக்குப் பின் ஒருவர் ஆடுவது வேறு. ஒருவரோடு ஒருவர் ஆடுவது வேறு அல்லவா?

பஸ் கொட்டகையில் நாட்டியம்

அப்படி ஆடினால் என்ன நடக்கும் என்பதை 2003-ம் வருஷம் ஜனவரியில் ஜெர்மனியின் பெர்லின் நகரம் பார்த்தது. அங்குள்ள புகழ்பெற்ற பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுக்கு அப்போதுதான் ஸர் ஸைமன் ராட்டில் தலைவராக வந்திருந்தார். நல்ல சங்கீதம் சீமான்களுக்கு மட்டுந்தானா என்று அவருக்கு ஓர் ஆதங்கம். நகரத்துப் பள்ளிகளிலிருந்து 250 பிள்ளைகளைத் திரட்டினார்கள். 25 தேசங்களைச் சேர்ந்த குடும்பத்துக் குழந்தைகள் அவர்கள். பலர் ஏழைகள், பெரும்பாலோர் அதற்குமுன் நாட்டியமே ஆடியதில்லை. நைஜீரியாவிலிருந்து தன்னந்தனியாக வந்து சேர்ந்திருந்த ஒரு பையனும் அவர்களில் இருந்தான்.

எடுத்துக்கொண்டதோ ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'. 1913-ல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறியபோது சபையில் பெரிய ரகளையே உண்டாக்கிய இசை. தாளக்கட்டு அவ்வளவு கடினம்!

சொல்லிக் கொடுத்தவர் ராய்ஸ்டன் மால்டூம் என்ற ஆங்கிலேயர். எத்தியோப்பியாவின் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நாட்டியம் கற்றுக் கொடுத்தவர். ஒத்திகையின் ஆரம்ப நாட்களில் ஒரே சிரிப்பும் கும்மாளமும்! அவர் விடவில்லை. 'பேச்சு கூடாது, நேராக நில், மறுபடியும் ஆடு' என்று பிடிவாதமாக நின்றார். "பாவம், குழந்தைகள், இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா?" என்று சில உபாத்தியாயினிகளே கவலைப்பட்டார்கள். ஆனால், 'இவர்களால் முடியாது' என்று நினைப்பதுதான் இவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவருடைய கட்சி.

கடைசியில், ஒரு காலத்தில் பஸ் டிப்போவாக இருந்த 'அரீனா' என்ற பெரிய கொட்டகையில், அந்தப் பிரபல வாத்தியக் குழு வாசிக்க, 250 குழந்தைகளும் ஆடினார்கள். எந்தக் குழந்தை எந்தத் தேசம் என்று யார் கேட்டார்கள்? இது 2004-ல் 'ரிதம் இஸ் இட்' என்ற படமாகவும் வந்தது.

அடையாற்றுக் கதை

பெர்லின் எதற்கு? நம் சென்னையிலேயே இது நடந்திருக்கிறது. 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, நாட்டிய நாடகங்களில் ஆண் பாத்திரங்கள் ஏற்கப் பையன்கள் வேண்டுமென்று தேடினார். கதகளி ஆசான் சந்து பணிக்கர் 1953-ல் கேரளத்துப் பையன்னூரிலிருந்து இரண்டு பையன்களை அழைத்து வந்தார். அவர்கள்தாம் பிற்காலத்தில் பெயர் பெற்ற தனஞ்செயனும் பாலகோபாலனும். கதகளியின் வீரமும் பரதத்தின் நளினமும் ஒரே மேடையில் சேர்ந்தன. இசை அமைக்க மைசூரிலிருந்து வந்தார் வாசுதேவாச்சாரியார், தொண்ணூறை எட்டிய வயதில்! 1955-ல் தொடங்கி 1970-ல் முடிந்த ஆறு ராமாயண நாட்டிய நாடகங்கள் இப்படிப் பிறந்தவைதாம். அங்கும் ஒழுங்கும் கண்டிப்பும் பிரசித்தம்.

நம் வீட்டுக் குழந்தைகள்

மறுபடி ஆவடிக்கு வருவோம். போலீஸ் முகாமிலும் விமானப் படையிலும் அப்பாவுக்குச் சில வருஷங்களுக்கொரு முறை மாற்றல் வரும். பாதி வருஷத்தில் புதுப் பள்ளிக்கு வந்த குழந்தை, பாஷை தெரியாமல் கடைசி பெஞ்சியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தொழிற்பேட்டைக் கூலிக்காரரின் குழந்தைக்கும் அதே கதிதான். வகுப்பில் வாய் திறக்க அதற்கு மாதங்கள் ஆகலாம். ஆனால் கோலாட்டத்தில் எதிரே ஒரு கோல் இருந்தே தீரவேண்டும்! அந்தக் கோலை அதன் கையில் கொடுத்தால், அன்றைக்கே அது வேண்டப்பட்ட குழந்தை ஆகிவிடுகிறது.

ஆகவே தாய்மார்களே, இந்த வருஷம் ஆண்டு விழாப் பேச்சு எழும்போது உபாத்தியாயினியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பத்துத் துண்டு ஆட்டங்களுக்குப் பதில் ஒரே கதை. அதில் பீகார்ப் பெண்ணுக்குக் கும்மி, நம் பையனுக்குப் பாங்ரா. ஒத்திகையில் கண்டிப்பாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "படிப்பு கெட்டுவிடும்" என்று பாதியில் நிறுத்தியும் விடாதீர்கள்.

அப்போது மேடையில் எந்தக் குழந்தை ஆடினாலும், அதில் உங்கள் குழந்தையும் இருக்கும். முறுக்குப் பொட்டலம் கடைசி வரை காத்திருக்க வேண்டியதுதான்!