நம் ஊருக்கு ஒரு கபடிக் களம்

கபடி நம் நாட்டு விளையாட்டு. தமிழ்நாட்டில் இதைச் சடுகுடு என்றும் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் ஹுதுது என்பார்கள். வங்காளத்தில் ஹாடுடு என்பார்கள். பெயர்தான் வேறு. மூச்சை அடக்கிப் பாடிப் போவது எங்கும் ஒன்றுதான்.

1990-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி சேர்க்கப்பட்டது. 2010-இல் பெண்கள் கபடியும் சேர்ந்தது. இரண்டு முறையும் தங்கப் பதக்கம் வென்றது இந்தியாதான்.

கபடிக்கு மட்டை வேண்டாம். பந்து வேண்டாம். நல்ல களம் ஒன்று போதும். ஆனால் பல ஊர்களில் பிள்ளைகள் கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் தரையில் ஆடுகிறார்கள். முட்டி உடைகிறது. கை முறிகிறது. ஊர் கூடினால் நல்ல களத்தை நாமே அமைக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

இடம்

20 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம் உள்ள இடம் வேண்டும். அதாவது சுமார் 8 சென்ட். பக்கத்தில் கிணறு, மின்கம்பம், சுவர் இருக்கக் கூடாது. ஏரி, குளம், வாய்க்கால் இடத்தைத் தொட வேண்டாம். அது தண்ணீருக்கு உரிய இடம்.

ஊர்ப் பொது நிலம் என்றால் ஊராட்சியின் அனுமதி வேண்டும். கிராம சபையில் பேசித் தீர்மானம் போடுங்கள். பொது நிலத்தை யாராவது வளைத்துப் போட்டிருக்கிறார்களா? 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி, ஊருக்கே திருப்பித் தர மாநில அரசுகள் திட்டம் தீட்ட வேண்டும் என்றது. சண்டை வேண்டாம். மனு எழுதிக் கொடுங்கள்.

மண்

அரை அடி ஆழத்துக்காவது கொத்துங்கள். கல், முள், ஆணி, கண்ணாடி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கட்டிகளை உடையுங்கள். நன்றாகச் சலித்த மண்ணோடு மரத்தூளைக் கலந்து பரப்புங்கள். தண்ணீர் தெளித்து மட்டம் செய்யுங்கள். விழுந்தால் அடிபடாத அளவுக்கு மண் மெத்தென்று இருக்க வேண்டும். மழைநீர் தேங்காமல் ஓட, சற்றுத் தள்ளி வாய்க்கால் வெட்டுங்கள்.

அளவு

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம்.

மூலை சரியாக அமைய ஓர் எளிய வழி உண்டு. முதலில் ஒரு பக்கக் கோட்டைப் போடுங்கள். மூலையில் ஒரு முளை அடியுங்கள். கோட்டின் மேல் 3 மீட்டர் தள்ளி இன்னொரு முளை அடியுங்கள். முதல் முளையிலிருந்து 4 மீட்டர் கயிறு, இரண்டாம் முளையிலிருந்து 5 மீட்டர் கயிறு இழுங்கள். இரண்டு கயிற்றின் நுனியும் சேரும் இடம்தான் அடுத்த கோடு போகும் வழி. நான்கு மூலையும் முடிந்ததும் குறுக்கே அளந்து பாருங்கள். ஆண்கள் களத்தில் இரண்டு குறுக்களவும் 16 மீட்டர் 40 சென்டிமீட்டர் வர வேண்டும்.

பிறகு உள்கோடுகள்:

நடுக்கோடு: களத்தை இரண்டு சம பாகமாகப் பிரிக்கும்.

தொடுகோடு: நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 மீட்டர் 75 சென்டிமீட்டர். பெண்களுக்கு 3 மீட்டர். பாடிப் போகிறவர் யாரையும் தொடாவிட்டால், இதையாவது தாண்டித் திரும்ப வேண்டும்.

போனஸ் கோடு: தொடுகோட்டிலிருந்து இன்னும் 1 மீட்டர் உள்ளே.

லாபி: இரண்டு பக்கவாட்டிலும் 1 மீட்டர் அகலப் பட்டை. ஒருவரைத் தொட்ட பிறகே இதில் கால் வைக்கலாம்.

எச்சரிக்கை

சுண்ணாம்பால் கோடு போடாதீர்கள். ஆடுகிறவர்கள் மண்ணில் முகம் புதைய விழுவார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், உடனே கால் மணி நேரமாவது நல்ல தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவுங்கள். பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கோடு போடக் கல்மாவுக் கோலப்பொடி போதும். கோலப்பொடியிலும் சுண்ணாம்பு கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

காயம் பட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். மண்ணில் பட்ட காயத்தால் இசிவு நோய் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

யாருடைய களம்?

களம் ஊருக்குப் பொது. எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் ஆடலாம். பெண் பிள்ளைகளுக்கும் தினம் ஒரு நேரம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் அவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. அந்த நேரத்தை எல்லோரும் படிக்கும்படி பலகையில் எழுதி வையுங்கள்.

வாரம் ஒரு நாள் மண்ணைக் கிளறிக் கல் பொறுக்க வேண்டும். இந்த வேலையை முறை வைத்துச் செய்யுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்?
2. களம் அமைக்க ஏற்ற பொது இடம் எது?
3. பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் வசதி? அவர்களையே கேட்டீர்களா?