வாசலில் மட்டும் காவல் போதாது

2013-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி வங்கிக் கார்டுகளின் விவரங்கள் திருடுபோயின. அந்த நிறுவனத்திடம் பாதுகாப்புக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் திருடர்கள் எதையும் உடைத்துக்கொண்டு வரவில்லை. கடைகளின் குளிர்பதன வேலைகளைக் கவனித்துவந்த ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைத் திருடி, உரிய ஆளைப் போலவே நுழைந்தார்கள். பில் அனுப்பவும் ஒப்பந்த வேலைகளுக்குமாகத் தரப்பட்டிருந்த அந்தச் சிறிய வழியிலிருந்து, வாடிக்கையாளர்கள் கார்டு தேய்க்கும் கவுண்டர்கள்வரை போக முடிந்ததுதான் விபரீதம். 2017-இல் 47 மாநிலங்களுடன் 1.85 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டபோது, கார்டு விவரங்கள் உள்ள பகுதியை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. ஃபயர்வாலின் இன்றைய முதன்மையான வேலை அதுதான் என்பேன். வெளியாரைத் தடுப்பதைவிட, உள்ளே வந்துவிட்டவர் பரவாமல் பார்த்துக்கொள்வதே இப்போது பெரிய காரியம்.

நெட்வொர்க்கில் தகவல்கள் சிறுசிறு பாக்கெட்டுகளாகப் போய்வருகின்றன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தச் சேவைக்கானது என்று பார்த்து, விதிப்படி விடுவதோ மறிப்பதோதான் ஃபயர்வாலின் தொழில். 1988 நவம்பரில் மாரிஸ் என்ற புழு நிரல் இணையத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிய பிறகு இந்தத் தேவை எல்லோருக்கும் உறைத்தது. 1994-இல் செக் பாயிண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஃபயர்வால், வரும் பாக்கெட் உள்ளிருந்து யாரோ கேட்டதற்கான பதில்தானா என்பதை நினைவில் வைத்துச் சரிபார்த்தது. 2000-களின் பிற்பகுதியில் வந்தவை எந்தச் செயலி, எந்தப் பயனர் என்பதையும் அடையாளம் கண்டன. இப்படிக் கூர்மை ஏறிக்கொண்டே போனாலும், ஆபத்து வெளியே இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் நம் ஆட்கள் என்ற எண்ணம் மட்டும் நீண்ட காலம் மாறவில்லை. இத்தனைக்கும் பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக், வெளிப்புறம் உறுதியாகவும் உட்புறம் இளகியும் இருக்கும் அமைப்பு இது என்று 1990-லேயே எழுதிவிட்டார்.

அந்த இளக்கம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்குத் தைவானின் டிஎஸ்எம்சி சான்று. உலகின் மிகப்பெரிய சிப் தயாரிப்பு நிறுவனங்களில் ஒன்றான அதில், 2018 ஆகஸ்டில் ஒரு புதிய இயந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அதிலிருந்த வான்னாக்ரை வகை வைரஸ் சிஞ்சு, தைச்சுங், தைனான் ஆகிய மூன்று ஊர்களின் ஆலைகளுக்கும் பரவி உற்பத்தியை நிறுத்தியது. காலாண்டு வருமானத்தில் சுமார் 3 சதவீதம் பாதிக்கப்படும் என்று நிறுவனமே அப்போது மதிப்பிட்டது. வைரஸ் இணைய வாசல் வழியாக வரவே இல்லை. வாசல் ஃபயர்வால் எவ்வளவு உயர்ந்ததாக இருந்திருந்தாலும் இதில் அதற்கு வேலையில்லை. ஆலைக்கும் ஆலைக்கும் இடையில், இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையில் தடுப்பு இருந்திருந்தால் சேதம் ஒரு மூலையோடு நின்றிருக்கும்.

பணியாளர்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், தகவல்கள் கிளவுடில் இருக்கின்றன, இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. ஆகவே ஃபயர்வாலின் காலம் முடிந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. எல்லை கரைந்துவிட்டது உண்மைதான். யாரையும் இருக்கும் இடத்தை வைத்து நம்பாதே, ஒவ்வொரு கோரிக்கையையும் சோதி என்ற ஜீரோ டிரஸ்ட் கொள்கை 2010-இலிருந்து வலுப்பெற்றதற்கும் அதுவே காரணம். ஆனால் அந்தக் கொள்கையை நிறைவேற்றவும் நடுவில் நின்று தடுக்க ஒன்று வேண்டும். கணக்குப் பிரிவின் சர்வரோடு சிசிடிவி கேமரா பேச வேண்டிய அவசியமே இல்லை என்று விதி எழுத, அவை என்ன பேசுகின்றன என்று படித்துப் பார்க்க வேண்டியதில்லை. மறையாக்கம் இங்கே குறுக்கே வராது. இன்னும் கனமான ஆட்சேபம் வேறு: ஃபயர்வாலே ஓட்டையாகிவிடுகிறதே? 2019-இல் கேப்பிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல்கள் கசிந்தது, தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாகத்தான். கருவி வாங்குவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதற்கு எதிரான சாட்சியமாகவே இதை நான் பார்க்கிறேன். யாரோ எப்போதோ அவசரத்துக்குத் திறந்த அனுமதி, அந்த வேலை முடிந்து பல ஆண்டுகளான பிறகும் திறந்தே கிடக்கும் நிறுவனங்கள் ஏராளம்.

பெரிய நிறுவனங்களுக்குச் சரி, பத்துக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? விருந்தினர் வைஃபை, கேமராக்கள், பில்லிங் கம்ப்யூட்டர் மூன்றையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி, வணிகப் பயன்பாட்டுக்கான சாதாரண ரூட்டர்கள் பலவற்றில் இன்று உண்டு. விண்டோஸில் ஃபயர்வால் 2004-இலிருந்தே தானாக இயங்கும்படி வருகிறது. அதை அணைக்காமல் இருந்தாலே பாதி நன்மை. இதற்குப் பெரும் பணம் வேண்டாம், ஒரு நாள் உழைப்பு வேண்டும். உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்கைக் கவனிப்பவரை அழைத்து, ஃபயர்வால் விதிகளைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார், ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் அது எதுவரை போக முடியும் என்ற இரண்டையும் இந்த வாரமே கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால், புதிய கருவிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.