சமையலறை மஞ்சளும் மாத்திரை மஞ்சளும்

“மஞ்சள் உடலுக்கு நல்லதுதானே, டாக்டர்? மாத்திரையாகவும் எடுத்துக்கொள்ளலாமா?” புறநோயாளிப் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. உணவில் சேரும் மஞ்சளும் மாத்திரையாக விழுங்கும் மஞ்சளும் ஒன்றல்ல என்பதே எங்கள் விடை.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் வேதிப்பொருள். அழற்சியைத் தணிக்கும் தன்மை அதற்கு உண்டென ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் மஞ்சள் தூளில் அதன் பங்கு ஏறத்தாழ 3 சதவீதமே. நீரில் அது கரைவதில்லை. குடலும் அதை எளிதில் உறிஞ்சுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் உடன் சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு பன்மடங்கு உயர்வதை 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது.

நம் சமையல் இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. பருப்பு வேகும்போது மஞ்சளுடன் சில துளி நல்லெண்ணெய் விடலாம். மிளகு ரசத்திலும், கூட்டிலும், மீன் குழம்பிலும் சேர்க்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி போதும். இயன்றால் விரலி மஞ்சளை வாங்கி, காயவைத்து, அரைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காக ஈய வேதிப்பொருள் கலந்த தூளைத் தவிர்க்க இது உதவும்.

மாத்திரையின் கணக்கு வேறு. அரைத் தேக்கரண்டித் தூளில் சுமார் 45 மில்லிகிராம் குர்க்குமின் இருக்கும். ஒரு மாத்திரையிலோ 500 மில்லிகிராம்கூட இருக்கக்கூடும். பலவற்றில் மிளகுச் சத்தும் சேர்க்கப்படுகிறது. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்ட நிகழ்வுகள் 2019இல் இத்தாலியில் பதிவாயின. பிற நாடுகளிலும் பதிவாகியுள்ளன.

எனவே வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோரும், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் அல்லது கல்லீரல் நோய் உள்ளோரும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடங்க வேண்டா. ஏற்கெனவே உட்கொள்பவருக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, பசி குன்றினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

“இது மருந்தல்லவே” எனக் கருதிப் பலர் இம்மாத்திரைகளைப் பற்றி எங்களிடம் கூறுவதில்லை. அடுத்த முறை வரும்போது அந்தப் புட்டியையும் கையோடு கொண்டுவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ நாங்கள் எழுதித் தந்த மருந்தை மஞ்சளை நம்பி நிறுத்திவிடாதீர்கள். மஞ்சள் அஞ்சறைப்பெட்டியில் இருக்கட்டும்; மருந்து அதன் வேளையில் தொடரட்டும்.