மத்தியஸ்தர் தேர்தல்

ஆங்கில விக்கிபீடியா என்னும் கலைக்களஞ்சியத்தைச் சம்பளமில்லாத் தொண்டர்களே எழுதிவருகின்றனர். அவர்களுக்குள் மூளும் வழக்குகளில் ஆதியில் தீர்ப்புக் கூறியவர் அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ். 2004-ல் அவ்வதிகாரம் ஒரு மத்தியஸ்தர் சபையிடம் சென்றது. பின்னர் தொண்டர்கள் வோட்டளித்தபோதிலும், நியமனம் சில காலம் வேல்ஸ் கையிலேயே இருந்தது. 1919-ம் வருஷத்து இரட்டையாட்சியைக் கண்ட நம் தேசத்துக்கு இத்தகைய அரைச் சுயாட்சி புதிதன்று! காலக்கிரமத்தில் அந்நியமனம் வெறும் சடங்காகி மறைந்தது. ஆண்டுதோறும் நடக்கும் தேர்தலே இன்று பிரமாணம்.

அபேட்சகருக்கு ஊர்வலமில்லை, செலவில்லை. ஆனால் வாக்காளர் அவரைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கலாம். அவர் முன்பு செய்த திருத்தங்களும் போட்ட சண்டைகளும் பதிவாகியிருக்கின்றன. நமது சட்டசபைக்கு நிற்போரில் எத்தனை பேர் இச்சோதனைக்கு உடன்படுவார்களோ?

2009 முதல் வோட்டு ரகசியம். அதற்கு முன் சில வருஷங்கள் பெயரிட்டுப் பகிரங்கமாகவே அளித்தனர். நாளை தம்மை விசாரிக்கப்போகிறவரை இன்று வெளிப்படையாக எதிர்ப்பது எங்ஙனம்? மாறுதல் நியாயமானதே.

எந்தக் கட்டுரை சரி என்பதைச் சபை தீர்மானிப்பதில்லை. தொண்டர்களின் நடத்தையையே விசாரிக்கிறது. ஒருவரை அடியோடு விலக்கிவைக்கவும் அதற்கு அதிகாரமுண்டு. அந்தரங்கச் சாட்சியங்களை மறைவில் பரிசீலிப்பதும் உண்டு. இத்தகைய ஆசனங்களைப் பதவி மோகிகளுக்கு விட்டுவிட்டு, நிதானமுள்ளவர்கள் வசைக்கு அஞ்சி ஒதுங்கலாகாது. அவர்களே அபேட்சகராக முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.