பார்வை நோன்பு – 5: மூடிய கதவு

இந்தத் தவக்காலத்துக்கு ஒரே ஒரு படம் என்று முடிவு செய்து, திருநீற்றுப் புதன் அன்று காலை மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். அச்சுப்பிரதிதான். நாளுக்கு இருபது நிமிடம், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அதன் முன் உட்காருகிறேன். முதல் மூன்று நாள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களை மட்டும் பார்த்தேன். முகத்தைப் பார்த்தால், சின்ன வயதிலிருந்து காலண்டரில் பார்த்துப் பழகிய இயேசு குறுக்கே வந்து நின்றுகொள்வார் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கால்களுக்குப் பழக்கம் உதவாது. ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, ஒரே ஆணியில் அறையப்பட்டவை. வீங்கியிருக்கின்றன. தோல் பச்சை பூத்திருக்கிறது. நான்காம் நாள் பார்வையை மேலே ஏற்றினேன். உடம்பெங்கும் புள்ளி புள்ளியாகப் புண். சில இடங்களில் முள் ஒடிந்து தோலுக்குள்ளேயே நிற்கிறது. சிலுவையின் குறுக்குமரம் பாரத்தில் வில்லாக வளைந்திருக்கிறது. விரல்கள் பத்தும் வலிப்பு வந்ததுபோல் விரிந்து வானத்தைப் பார்க்கின்றன. அழகாக எதுவும் இல்லை.

வரைந்தவர் மத்தியாஸ் குரூனவால்ட். இந்தப் பெயரே பிழை. 17ஆம் நூற்றாண்டில் அவரைப் பற்றி எழுதிய ஒருவர் வைத்துவிட்டுப் போன பெயர் ஒட்டிக்கொண்டது. மாதிஸ் கோட்ஹார்ட் நிட்ஹார்ட் என்பதுதான் சொந்தப் பெயர். 1512க்கும் 1516க்கும் இடையில், இன்று பிரான்சின் பகுதியாக இருக்கும் அல்சாஸில், ஈசன்ஹைம் என்ற ஊரின் மடத்துக்காக இதைத் தீட்டினார். அந்தோனியார் சபைத் துறவிகளின் மடம் அது. நம்மூரில் பலர் கையேந்தும் பதுவை அந்தோனியார் அல்ல. எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்த, நாம் வனத்து அந்தோனியார் என்று சொல்கிறவர்.

அந்தத் துறவிகளின் முக்கியமான வேலை நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது. குறிப்பாக ஒரு நோய். உடம்பு உள்ளிருந்து எரியும். கை கால்களில் ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் கறுத்து, கடைசியில் கழன்றே விழும். 'அந்தோனியார் நெருப்பு' என்று அதற்குப் பெயர். ரை என்னும் தானியத்தின் கதிரில் மணிக்குப் பதிலாகக் கருநீலக் கொம்புபோல் வளரும் எர்கட் பூஞ்சைதான் காரணம். நம் கம்புப் பயிரில் தேன் ஒழுகல் நோய் என்று வருகிறதே, அதன் உறவுக்காரப் பூஞ்சை. விதைக் கம்பை உப்புக்கரைசலில் போட்டு, மிதப்பதை எடுத்து எறியச் சொல்வார்கள் நம் வேளாண்துறையினர். ஈசன்ஹைமில் அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. பூஞ்சையும் சேர்ந்தே அரைபட்டு மாவாகி ரொட்டியானது. ரை ரொட்டி ஏழைகளின் ரொட்டி. அன்றாட உணவுக்காக ஜெபித்துவிட்டு எழுந்து போய், அந்த உணவைச் சாப்பிட்டே காலை இழந்தார்கள்.

மடத்துக்கு வந்தவர்களுக்கு நல்ல ரொட்டி கிடைத்தது, மூலிகைத் தைலம் கிடைத்தது, புனிதரின் திருப்பண்டத்தின் மேல் ஊற்றி எடுத்த திராட்சை மது கிடைத்தது. அழுகிய உறுப்பை அறுத்து எடுக்க ஆளும் இருந்தார். கூடவே இந்தப் படமும் இருந்தது.

படத்தில் இருப்பவை சாட்டையடியின் காயங்கள்தான். தொழுநோயோ நெருப்பு நோயோ அல்ல. ஆனால் கட்டிலிலிருந்து தூக்கிவரப்பட்ட ஒருவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? அவன் தன் தோலையே அங்கே பார்த்திருப்பான். நான் பார்ப்பதற்கும் அவன் பார்த்ததற்கும் உள்ள தூரம்தான் இந்த வாரங்களில் என்னை உறுத்துகிறது. எனக்கு அந்தப் பச்சைத் தோல் அதிர்ச்சி. அவனுக்கு அது அறிமுகம்.

இது ஒற்றைப் படம் அல்ல, கதவுகளுள்ள பீடம். இரண்டு அடுக்குக் கதவுகள், மூன்று காட்சிகள். மூடியிருந்தால் சிலுவைச் சாவு. முதல் அடுக்கைத் திறந்தால் மங்கள வார்த்தை, வானதூதரின் இசை, மரியாவும் குழந்தையும், தீப்பந்துபோல் எழும் உயிர்ப்பு. அந்த உயிர்ப்பில் ஆணித் தழும்புகள் உண்டு, புண்கள் இல்லை. அதையும் திறந்தால் நடுவில் நிக்லாஸ் ஹாகனவர் செதுக்கிய மரச்சுரூபங்கள், அந்தோனியார் அரியணையில். பெருவிழாக்களில் திறப்பார்கள். சாதாரண நாட்களிலும் தவக்காலத்திலும் மூடியே இருக்கும். உள்ளே அத்தனை ஒளி இருக்கிறது என்று தெரிந்தும், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நாற்பது நாள் கிடக்க வேண்டும். பாடுகளின் வாரங்களில் நம் கோவில்களில் சுரூபங்களை ஊதாத்துணியால் மூடுகிறோமே, அதற்கு நேர் எதிர் இது. நாம் மறைத்துக் கண்ணைப் பட்டினி போடுகிறோம். அவர்கள் காட்டியே பட்டினி போட்டார்கள்.

கதவைத் திறக்கும்போது நடப்பதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். சிலுவை படத்தின் நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளியிருக்கிறது. அதனால் கதவு பிரியும் கோடு உடம்பை வெட்டாமல் ஒரு கையைப் பிரித்துக்கொண்டு போகிறது. அடியில் உள்ள அடக்கக் காட்சியின் பலகைகளைத் தள்ளினால் கால்கள் தனியாகப் போகின்றன. திருவிழா தொடங்கும் நேரத்தில், கையோ காலோ இழந்தவர்கள் முன்னால், இயேசுவும் அவற்றை இழக்கிறார். ஓவியர் நினைத்துச் செய்தாரா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பார்த்தவர்களுக்குத் தெரியாமல் போயிருக்காது.

இரண்டாம் வாரம் ஒரு தப்பு செய்தேன். படத்தை விளக்கத் தொடங்கினேன். வலப்பக்கம் நிற்கும் திருமுழுக்கு யோவான் இந்தக் காட்சிக்கு முன்பே தலை வெட்டுண்டு இறந்தவர்; அவர் ஏன் இங்கே? காலடியில் ஆட்டுக்குட்டி, அதன் மார்பிலிருந்து கிண்ணத்தில் விழும் ரத்தம், இதற்கு என்ன பொருள்? குறிப்பேட்டில் நாலு பக்கம் நிரம்பியது, பார்ப்பது நின்றுபோனது. பரீட்சைக்குப் படிப்பவன்போல ஆகிவிட்டேன். பொருள் கண்டுபிடிப்பது வலியிலிருந்து தப்பிக்கும் மரியாதையான வழி என்று இப்போது தோன்றுகிறது. குறிப்பேட்டை எடுத்து வைத்துவிட்டு, யோவானின் நீண்ட சுட்டுவிரலை மட்டும் ஐந்து நாள் பார்த்தேன். இறையியலாளர் கார்ல் பார்த் இந்தப் படத்தின் பிரதியைத் தன் மேசைக்கு மேலே மாட்டியிருந்தார்; அவரைப் பிடித்ததும் அந்த விரல்தான். விரலுக்கு இந்தப் பக்கம் மதலேன் மரியாளின் கைகள்: முறுக்கிய விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் காட்டுகிறார், ஒருவர் கதறுகிறார். வெள்ளை உடையில் மரியா சரிகிறார், சீடர் யோவான் தாங்குகிறார். தாங்குகிற அந்தக் கையை நான் கவனித்தது இருபத்தாறாம் நாள்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது பீடம் ஈசன்ஹைமை விட்டுப் போனது. இன்று கோல்மார் நகரின் உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில், ஒரு காலத்தில் தொமினிக்கன் கன்னியர் மடமாக இருந்த கட்டடத்தில் நிற்கிறது. பலகைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சுற்றி நடந்தால் ஐந்தே நிமிடத்தில் சாவும் பிறப்பும் உயிர்ப்பும் பார்த்துவிடலாம். பாதுகாப்புக்கும் வசதிக்கும் நல்லதுதான். ஆனால் காத்திருக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் சுவரில் மூடிய பக்கத்தை மட்டும் ஒட்டியிருக்கிறேன்.

மற்ற பக்கங்களைப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். கடைசி அடுக்கில் வனத்துச் சின்னப்பரை வனத்து அந்தோனியார் சந்திக்கிறார். அண்டங்காக்கை ஒன்று அவர்களுக்கு ரொட்டி கொண்டுவருகிறது. கெடாத ரொட்டி. எதிர்ப்பலகையில் பேய்கள் அந்தோனியாரைத் தலைமயிரைப் பிடித்து இழுக்கின்றன. இடது மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளமாக ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். மருத்துவமனையிலிருந்து நேராக வந்து விழுந்தவன்போல. வலது மூலையில் ஒரு சின்னத் தாள். லத்தீனில் எழுதியிருக்கிறது. நல்ல இயேசுவே, எங்கே போயிருந்தீர், என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை என்று கேட்கிறது. கதவை முழுதும் திறந்துவிட்ட பிறகும், பெருவிழா நாளிலும், அந்தத் தாள் அங்கேயே இருக்கிறது.

(தொடரும்)